உறைமேல் கோடுகள்

மழை விட்டாலும் இங்கே எதுவும் காய்வதில்லை.
நோர்வூட்டில் ஆறு மணி பஸ்ஸுக்கு
நான்கே முக்காலுக்கு எழுந்து
கண்ணாடியில் படிந்த மூட்டத்தைக் கையால் துடைத்தால்
பாதி முகம் தெரியும்.
மீதியை விரல்தான் பார்க்க வேண்டும்.

ஹட்டனில் ஒரு அடகுக்கடை வாசலில் நிற்கிறேன்.
தொப்பி, விசில், துவக்கில்லாத பெல்ட்.
எந்த நாள் என்று சொல்லாமல் வரும் விஜேகோன் ஐயா
புறங்கையால் என் தாடையைத் தடவிப் பார்ப்பார்,
மாம்பழம் வாங்குகிறவர் போல.
சொரசொரத்தால் சம்பளத்தில் இருநூறு ரூபா வெட்டு.
ஒரு பிளேட் அதைவிட மலிவு என்பீர்கள்.
மலிவுதான்.
பஸ் காசும் டியூஷன் காசும் மண்ணெண்ணெயும்கூட
தனித்தனியாகப் பார்த்தால் மலிவுதான்.

பிளேட்டைத் தின்பது மயிர் என்றே நானும் நினைத்திருந்தேன்.
மூன்று மாதம் கவனித்ததில் பிடிபட்டது,
ஈரம்.
கழுவி அப்படியே ரேஸருக்குள் விட்டுப் போனால்
பகல் முழுக்க மூட்டம் உள்ளே நுழைந்து
விளிம்பைத் தவிட்டு நிறத்தில் மேய்ந்திருக்கும்.

ஆகவே கழற்றுவேன். உதறுவேன்.
துணியால் துடைப்பதில்லை.
அடுப்புக்கல்லின் மிச்சச் சூட்டில் சாய்த்து வைத்து
அது காய்வதற்குள் சப்பாத்துக்குக் கயிறு கட்டுவேன்.
அப்புறம் கம்பெனி பெல்ட்டின் உட்தோலில்
பதினைந்து தரம் பின்னோக்கி இழுப்பு,
பூனையை முடி படியும் பக்கமாகத் தடவுவதுபோல.
முன்னோக்கி இழுத்தால் பெல்ட் போச்சு,
வேலையும் கூடவே போச்சு.
கடைசியில் ஜாம் போத்தல் மூடியில் தேங்காயெண்ணெய்.
மார்கழியில் எண்ணெய் உறைந்துவிடும்,
பிளேட் வெள்ளைக்குள் புதைந்து கிடக்கும்,
விடிய தேத்தண்ணிக் கேத்தலின் மேல் வைத்தால்தான்
ஆளை விடும்.
"எந் தலைக்கு ஒருநா இப்பிடி எண்ண வச்சிருப்பீங்களா?"
இது தவமணி.

பிளேட் சுற்றிவந்த தாளில் பென்சில் கோடுகள்.
நான்கு நின்றால் ஐந்தாவது குறுக்கே படுக்கும்,
கொழுந்து நிறுக்கும் இடத்தில் போடுவார்களே, அதேபோல.
ஆறில் தொடங்கினேன். பதினொன்று. பத்தொன்பது.
இருபத்தாறு என்றதும்
இரவு ஷிஃப்ட் பியதாச "பொறு" என்றான்.
சிங்களத்தில் அது பொய். தமிழில் காத்திரு.
இரண்டுக்குமாகத் தலையாட்டி வைத்தேன்.

முப்பத்தோராவது காலை பிளேட் இழுத்தது.
வழுக்காமல், பிடித்துப் பிடித்து.
காதுக்குக் கீழே ரத்தம்.
கையில் கிடைத்த பஸ் டிக்கெட்டைக் கிழித்து ஒட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு, பதினான்காம் டோக்கனோடு
அந்த அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.
உள்ளே இருந்த தோட்டை
அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்:
ஜனவரியில் உள்ளே போகும், தீபாவளிக்கு வெளியே வரும்,
யாருக்காவது காய்ச்சல் கண்டால் மறுபடி உள்ளே.
அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"தம்பி, தாடையில டிக்கட் ஒட்டியிருக்கு.
எங்க எறங்கணும்?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
கம்பிக்குப் பின்னால் தராசுக்காரரும்.
விஜேகோன் ஐயா அன்றைக்கென்று வந்தார்,
நல்ல வேளை, மற்றக் கன்னத்தைத் தடவினார்.

வீட்டுக்கு வந்து ரேஸரைத் திறந்தால்
விளிம்பில் ஒரு வெள்ளை நூல்.
கொடியில் டிலுக்ஷியின் பள்ளிக்கூடக் கவுன்
நேற்றைவிட இரண்டு விரல் நீளமாகத் தொங்கியது.
பழைய மடிப்பு இருந்த இடத்தில்
துவைத்தும் போகாத ஒரு கோடு.
"புதுசுக்குத் தையக்கூலியே எண்ணூறு கேக்குறான்,"
திரும்பிப் பார்க்காமலே தவமணி சொன்னாள்.
"இன்னொரு மடிப்பு மிச்சமிருக்கு. அடுத்த வருசத்துக்கு."

ஒன்றும் சொல்லவில்லை.
நூலை ஊதிவிட்டு, பெல்ட்டில் இருபது தரம் இழுத்து,
எண்ணெயில் வைத்தேன்.
தாளை எடுத்து அன்றைய கோட்டைப் போட்டபின்
அந்த மடிப்பு கணக்கில் வருமா என்று
கொஞ்ச நேரம் பென்சிலோடு நின்றேன்.

அதற்கும் ஒன்று போட்டேன்.