ஜாப் கார்டு

வண்டி: லேண்ட் குரூசர், வெள்ளை.
வேலை: ரேடியேட்டர் மாற்றல்.
கூலன்ட் இறக்கிய நேரம்: காலை 9.40.
என் கையெழுத்துதான்.
கிறுக்கல், ஆனால் எண்கள் தெளிவு.

தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு
பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.
ஷார்ஜா சனையாவில் ஆகஸ்ட்.
குழாய்த் தண்ணீரே கையைச் சுடும்.
தகர நிழலில் பச்சையாய்ப் பளபளத்துக் கிடந்தது
ஒரு தட்டு நிறைய.

நிஸ்ஸான் பட்ரோல் ஒன்றின் அடியில் கிடைத்ததால்
அதற்குப் பெயர் பட்ரோல்.
அப்போது குட்டி, காதெல்லாம் கிரீஸ்.
என் குபூஸில் பாதி அதற்கு என்பது
யாரும் எழுதாத காண்ட்ராக்ட்.

மதியம் தள்ளாடி வந்தது.
பின்னங்கால் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.
"யாருடா இவனுக்கு ஊத்திக் குடுத்தது,
அதுவும் ஷார்ஜாவுல?"
கேட்டவன் நான்.
எல்லாரும் சிரித்தோம்.
எடிசன் வீடியோ எடுத்தான்.

நாலு மணிக்குத் தெளிந்த மாதிரி இருந்தது.
ஆறுக்கு வாந்தி.
அப்போதுதான் தட்டு ஞாபகம் வந்தது.
பாதிக்குமேல் இல்லை.
விளிம்புத் தூசியில் ஒரு மூக்கின் ஈரம் காய்ந்திருந்தது.

கஸ்டமர் வண்டியில், கேட்காமல், துபாய்க்கு.
முழு வழியும் நெரிசல்.
பெயின்டர் குல்சமான் மடியில் போட்டுக்கொண்டார்.
நாய் நக்கிய கிண்ணத்தை
ஏழு தரம் கழுவச் சொல்கிறவர்,
தன் கமீஸ் நுனியால் அதன் வாயைத் துடைத்தபடி வந்தார்.

டாக்டர் மலையாளி.
"இதுக்கு ஒரு ஊசி உண்டு, ஸ்டாக் இல்ல.
இல்லேன்னா சாராயம்தான், நரம்புல ஏத்தணும்.
அதுதான் விஷத்த மறிக்கும்."

மதியம் சிரித்த சிரிப்பு
அந்த ஏசி அறைக்குள் வந்து
என் பக்கத்தில் நின்றது.

"குடிச்சு எத்தன மணி நேரம்?"

கால் மணி ஓவர்டைமையும்
விடாமல் எழுதிக் கேட்கிறவன் நான்.
பையிலிருந்து ஜாப் கார்டை எடுத்து நீட்டினேன்.
எண்ணைப் பார்த்தார்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
பாட்டில் தொங்க ஆரம்பித்தது.

மறுநாள் வாலை அசைத்ததாம்.
மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோனது.

லேண்ட் குரூசர் அன்றைக்கே டெலிவரி.
ஒழுகல் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ராத்திரி, ஷட்டரை இறக்கிவிட்டு,
புது கேனைத் திறந்து
விரல் நுனியில் தொட்டு
நாக்கில் வைத்துத் துப்பினேன்.

இனிப்பு.

கேனில் எழுதித்தான் இருக்கிறது, அரபியிலும்:
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

பட்ரோலுக்கு நாலு வயது.