ஹார்பர், அஸ்தம்பட்டி

பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார் பெயின்டர்.
"இந்த ஊர்ல ஏரியிலயே தண்ணி நிக்காது,
நங்கூரம் வரையச் சொல்றீங்களே."
வரைந்தார்.
மண்வெட்டி மாதிரி வந்தது.

பதினேழு வருஷம் சரக்குக் கப்பலில் சமைத்தவன்.
பினாங்கில் தேங்காய்ப்பாலும் இறாலும் சீனத்து நூடுல்ஸும்
ஒரே கிண்ணத்தில் ராசியாவதைப் பார்த்தவன்.
டர்பனில், ரொட்டியைக் குடைந்து
உள்ளே குழம்பு ஊற்றித் தந்தவள் பெயர் கோவிந்தம்மா.
தமிழ் ஒரு சொல் தெரியாது.
காரம் மட்டும் அப்படியே இருந்தது.

இங்கே லக்சா வைத்தேன்.
இரண்டு வாய் எடுத்துவிட்டு
"சேவையில குழம்பு ஊத்துனாப்ல இருக்கு" என்றார்கள்.
சரிதான், அது அதுதான்.
விலை கேட்டதும் எதிர்வண்டிக்கு நடந்தார்கள்.

எதிரே ருக்குபாய்.
இரண்டு தட்டுவடைக்கு நடுவில்
பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு நிறச் சட்னி,
நொறுங்காமல் நீட்டுவாள்.
நமக்குத் தமிழ், பால்காரருக்குத் தெலுங்கு,
புருஷனைத் திட்ட மட்டும் சௌராஷ்டிரம்.
பக்கத்தில் மோமோ அவிக்கும் பிரேம் தமாங்
அந்தத் திட்டு முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டான்.

புரட்டாசி வந்தது.
இறாலைத் தொட ஆளில்லை.
ஏற்காட்டு மலை காணாமல் போன ஒரு சாயங்காலம்
மழைக்கு ஒதுங்கின இரண்டு வண்டியும்
என் ஷெட்டுக்குள்.
ஈரக்காற்றில் ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாசம்.
மரவள்ளியும் என்றோ கப்பலில் வந்து இறங்கியதுதான்,
அதனிடம் யாரும் சொந்த ஊர் கேட்பதில்லை.

டியூஷன் முடிந்து நனைந்து வந்த நாலு பிள்ளைகளுக்குப் பசி.
இறால் போடாத என் தேங்காய்ப்பால் ரசம்,
அதில் அவனுடைய முட்டைகோஸ் மோமோ,
மேலே அவள் உடைத்துப் போட்ட தட்டுவடை.
சத்தமில்லை, கொஞ்ச நேரத்துக்கு.
"இதுக்கு என்ன பேருங்க்கா?"
"ஹார்பர் செட்டு. இருபத்தஞ்சு ரூபா,"
என்னைக் கேட்காமலே சொன்னாள் ருக்குபாய்.

மறுநாள் எல்லாவற்றையும் அளந்து செய்தேன்.
வரவில்லை.
இஞ்சிப்புல்லைக் கூட்டினேன், குறைத்தேன்.
மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்:
அன்றைக்குப் போட்டது முந்தாநாள் வடை,
நமுத்தது.

இப்போது வடையை வேண்டுமென்றே நமுக்க விடுகிறோம்.
செட்டுக்கு ஆளுக்கு எட்டு ரூபாய்.
மிச்சம் ஒரு ரூபாய் யாருக்கு என்று
தினமும் மூன்று பாஷையில் தகராறு.