இரண்டு திருத்தங்கள்

பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்த சூரியன்
ஒன்றரைக்குள் போய்விட்டது.
கெமியில் டிசம்பர் இப்படித்தான்,
கடன் கேட்க வந்தவனைப்போல
செருப்பைக்கூடக் கழற்றாமல்
வாசலோடு பேசிவிட்டுப் போகும்.

விளக்கைப் போட்டு
ரசீதுகளை மேசையில் கொட்டினேன்.
வரி அலுவலகத்துக்கு என் ஆண்டின் கதை இதுதான்:
அச்சு மை, இரண்டு குப்பி.
ஊலுவுக்கு ரயில், போக மட்டும்,
வரும்போது பரிசோதகர் வரவில்லை.
பழைய அகராதி ஒன்று.
காப்பி. காப்பி. காப்பி.
வெள்ளைக் கழுத்துப்பட்டை ஒன்று, மார்ச் மாதம்.
சாவு வீட்டில் வெள்ளை கட்டுவது
நெருங்கிய சொந்தம் மட்டும்.
இதை எந்தச் செலவில் எழுதுவது ஆர்வோ,
நீ இருந்தால் உன்னைத்தான் கேட்டிருப்பேன்,
கணக்கில் புலி நீ.

எழுதியதையும் எண்ணிப் பார்த்தேன்.
பனிவாரி வண்டிக்குக் கையேடு, நாற்பது பக்கம்.
இந்த ஆண்டு அதிகம் பேர் படித்தது அதைத்தான்.
கீழ்வீட்டு ஆவ்லிக்கி அந்த வண்டி ஓட்டுகிறாள்.
மாடிப்படியில் மறித்துச் சொன்னாள்:
பதினேழாம் பக்கம், வலது அல்ல, இடது.
நல்லவேளை, மதிலோடு போயிற்று.

பிறகு நாவல்.
அக்டோபரில் எழுபது பக்கம் இருந்தது.
நவம்பரில் நாற்பத்தாறு.
அப்புறம் முப்பத்தொன்றில் வந்து நின்று
ஒரு வரிகூட இளைக்க மறுத்தது.
அதை டெல்லெர்வோவுக்கு அனுப்பினேன்.
பன்னிரண்டு வருடம் என் மனைவி,
அதற்குப் பின் ஒன்பது வருடம் யாரோ.
கதையில் அவள் வருகிறாள்,
கதவை அறைந்து சாத்துகிறாள்,
என் பக்கத்து நியாயங்களையெல்லாம்
தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போகிறாள்.

சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.
பதில்களை எழுதியே வைத்திருந்தேன்,
எண் போட்டு.
நேற்று உறை வந்தது. பக்கங்கள் கசங்கவில்லை.
பத்தொன்பதாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் மூன்று சொல்:
அந்த அடுப்பு பச்சை.

நான் கறுப்பு என்று எழுதியிருந்தேன்.
பன்னிரண்டு வருடத்தை அள்ளிக் கொட்டினால்
பொறுக்கி எடுக்க அவளுக்குக் கிடைத்தது
ஒரு நிறம்.
இரவெல்லாம் கோபம் இருந்தது.
காலையில் பசி இருந்தது.

ராத்திரி கீழ்வீட்டில் தகரம் உருக்கினார்கள்.
கடையில் இப்போது கிடைக்காத பழைய சரக்கு,
சின்னக் குதிரைலாடங்கள்.
கரண்டியில் இளகி
வாளித் தண்ணீரில் சுர்ரென்று இறங்கியதை
மெழுகுவர்த்திக்கு முன்னே பிடித்து
சுவரில் நிழல் பார்த்தோம்.
கப்பல், பயணம் உண்டு என்றான் ரைமோ.
துறைமுகத்து யோர்மா தடவிப் பார்த்து
சொரசொரப்பு, பணம் என்றான்.
எழுத்தாளனுக்குப் பணமாம்,
வீடே சிரித்தது, நானும்தான்.
எனக்குத் தெரிந்தது ஒரு காது,
மேல்மடல் கொஞ்சம் மடங்கியது,
ஆர்வோவுக்கு இருந்ததுபோல.
கப்பல்தான் என்று சொல்லிவிட்டேன்.
நாலு மணிக்கு வேலை என்று
ஆவ்லிக்கி பழச்சாறோடு நிறுத்திக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு, உறைந்த கடல்மேல் வாணங்கள்.
ஒரு மணிக்கு மேலேறி வந்து
கறுப்பை அடித்துப் பச்சை என்று எழுதினேன்.
ஒரு சொல்தானே.

பச்சை என்றதும்
மூலையில் எனாமல் பெயர்ந்த இடம் தெரிந்தது.
பெயர்த்தது இரும்புக் கெண்டி.
கெண்டியை வீசியது நான்.
கீழே போட்டேன் என்றுதான்
இத்தனை நாள் எனக்கே சொல்லியிருந்தேன்.
அன்று அவள் கதவை அறையவில்லை.
நியாயம் எதுவும் பேசவில்லை.
மண்டியிட்டுப் பச்சைச் சில்லுகளை
ஒவ்வொன்றாக உள்ளங்கையில் சேர்த்தாள்,
நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன்.

அந்தப் பேச்சு முழுவதையும் எடுத்துவிட்டேன்.
முப்பத்தொன்று இருபத்தெட்டு ஆயிற்று.
கழுத்துப்பட்டை ரசீதை
எந்தச் செலவிலும் சேர்க்கவில்லை,
விட்ட பக்கத்தில் செருகி வைத்தேன்.

நாலு மணிக்குக் கீழே இயந்திரம் உறுமியது.
ஜன்னலுக்குப் போனேன்.
மஞ்சள் விளக்கு சுழன்றபடி
முற்றம் தாண்டி, மதிலருகே கொஞ்சம் தயங்கி
இடதுபக்கம் திரும்பிற்று.