நான்கு எண் பூட்டு

கடிதம் வந்தது ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் வாரத்தில்.
பிரித்துப் படிக்க நாலு நாள் ஆனது.
"என் தம்பி உங்கள் ஓடையோரம் கிடக்கிறான்.
பிறந்து ஒன்பது நாள். பெயர் வைத்திருந்தோம்.
பார்க்க வரலாமா?"
கீழே, கோரல் விட்பி.

உங்கள் ஓடை என்றுதான் எழுதியிருந்தார்.
மற்றதை ஒருமுறையும்
அந்த ஒரு சொல்லைப் பலமுறையும் படித்தேன்.

வக்கீல் பதில் எழுதித் தந்தார்:
ஆண்டுக்கு நான்கு தடவை, முன்னறிவிப்போடு,
பாம்பு கடித்தால் பண்ணை பொறுப்பல்ல.
கையெழுத்துப் போட்டேன்.
அனுப்பவில்லை. வண்டியின் முன்பெட்டியில் கிடந்தது,
மாட்டு ஊசிக்கும் டீசல் ரசீதுக்கும் நடுவில்.

போன வருடம் விவசாயக் கண்காட்சி மேடையில்
அந்த அட்டையை வாசித்தவன் நான்தான்.
பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை.
இம்மண்ணின் மூத்த குடிகளுக்கு எங்கள் வணக்கம்.
மூன்று வரி, ஒரு இருமல்,
பிறகு குலுக்கலில் பன்றித்தொடை யாருக்கென்று அறிவித்தேன்.
கைதட்டல் பன்றித்தொடைக்கு.

கடைசியில் போன் செய்தேன். வாருங்கள் என்றேன்.
வெள்ளை வேனில் வந்தார்கள்.
கோரல், அவர் அக்கா யூனா, ஓட்டிவந்த ஜாரட்,
சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பிள்ளைகள்.
வழியெல்லாம் மன்னிப்பைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.
ஆறிப்போன ஆட்டுக்கொழுப்பு மாதிரி
அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"இனி நாங்களே வருவோம். பூட்டின் எண் என்ன?"
கேட்டில் கைவைத்துக் கேட்டார் கோரல்.
அப்போதுதான் உறைத்தது.

ஒன்று எட்டு ஏழு ஒன்று.

கொள்ளுத்தாத்தா பட்டா வாங்கிய வருடம்.
மறக்காமல் இருக்க அப்பா வைத்த எண்.
சமையலறைச் சுவரில் சட்டம்போட்ட பத்திரத்திலும் அதுதான்;
அதற்குக் கீழே சாய்ந்த கையெழுத்தில்
குடியிருப்போர்: இல்லை.

சொன்னேன். வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.

யூனாதான் முதலில் சிரித்தார்.
பிறகு கோரல், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு,
கண்ணில் நீர் முட்டும்வரை.
"எங்களுக்கா மறக்கும்?"

"இன்றைக்கே மாற்றிவிடுகிறேன்."
சிரிப்பு நின்றது.
"எதற்கு? மாற்றினால் உனக்கு லேசாகிவிடும்.
நான் இன்னொரு எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும்."

மரம் எனக்குத் தெரிந்த மரம்தான்.
அதன் நிழலில் மதியம் சாப்பிட்டிருக்கிறேன்.
அங்கேதான் என் மூன்று நாய்களைப் புதைத்து
பலகை நட்டு வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தேன்.
டிங்கர். மோஸ். ரஸ்டி.
வரும்போது அதை யோசிக்கவே இல்லை.

கோரல் கண்ணாடி போட்டுக்கொண்டு
ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு வாசித்தார்.
"நல்ல நாய்களா?"
"நல்ல நாய்கள்."

முகாமைக் கலைக்க போலீஸ் லாரி வந்த காலையில்
மண்ணை மூடிவிட்டு வருகிறேன் என்று
அம்மா நேரம் கேட்டாராம். மூடவிட்டார்களாம்.
அடையாளத்துக்குக் கல் வைக்கத்தான் விடவில்லை.
யூனாவுக்கு அப்போது ஏழு வயது;
வேரின் வளைவை வைத்து இடத்தைக் காட்டினார்,
நாய்களிலிருந்து ஐந்தடி தள்ளி.

தண்ணீரைப் பார்த்து ஒருமுறை பெயரைச் சொன்னார்கள்.
இங்கே அதை எழுதமாட்டேன்.
என்னிடம் சொன்னதில்லை அது.

திரும்பும்போது வேன் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது.
"மன்னித்துவிடுங்கள்" என்றேன், "பாதை மோசம்."
வேறெதற்கோ சொல்ல வைத்திருந்த சொல்.
"ஆமாம்" என்றார் கோரல்,
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு.
"ரொம்ப மோசம்."

இப்போது சொல்லாமலே வருகிறார்கள், சொல்லாமலே போகிறார்கள்.
சங்கிலி சுற்றியிருக்கும் விதத்தில் தெரிந்துகொள்வேன்.
பூட்டைக் கலைத்துவிட்டுப் போக வேண்டுமல்லவா,
போன மாதம் அது
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்பதில் நின்றது.
விரல் போன போக்காகவும் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது.
வண்டியை விட்டு இறங்கி
ஒன்றுக்கு, எட்டுக்கு, ஏழுக்கு, ஒன்றுக்கு
ஒவ்வொரு சக்கரமாகத் தள்ளித்தான்
நானும் உள்ளே போக வேண்டியிருந்தது.