இடப்பக்கப் பெட்டி

பதினெட்டாயிரம் சொன்னான், பதினாறுக்கு இறங்கினான்.
கஸ்தூரியார் வீதியில் இருந்து கொக்குவிலுக்கு
ஓட்டோவில் ஒன்று என் மடியில்,
மற்றது காலடியில்.
"பேஸ் கூட்டினா இடப்பக்கம் கொஞ்சம் அதிரும், அக்கா.
பழசுதானே."

பழசுதான். என்னைவிட நாலு வயது மூப்பு.
தேக்குத் தோல் உரிந்த மூலைகள்,
கறள் பிடித்த திருகாணிகள்,
தொட்டதும் விரலில் தார்போல ஒட்டிய
விளிம்பு நுரை.
எங்கள் உப்புக் காற்றுக்கு
நுரை ஒரு பலகாரம்.

பின்பலகையில் ஒரு விலைச்சீட்டு,
விலை எழுதாத சீட்டு.
நகத்தால் சுரண்டினேன்:
சுண்டுவிரல் போகும் ஓட்டை,
சிலாம்புகள் எல்லாம் உள்நோக்கி.
"பூச்சி அரிச்சிருக்கும்" என்றார் நிமலராசன்
கதிரையை விட்டு எழும்பாமலே.
பூச்சி அரித்தால் மாவு கொட்டும், பலகை கிழியாது.
அது அவருக்கும் தெரியும்.
இந்த ஊரில் ஓட்டைகளை வாசிக்க
ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

எட்டுத் திருகாணி. ஏழு வந்தன.
எட்டாவதுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு
ஒரு சோறு கறி முடியும்வரை காத்திருந்தேன்.
கூம்பை வெளியே தூக்கினால்
பின்னால், காந்தத்தில்,
ஒட்டிக்கொண்டிருக்கிறது அது.
புளியங்கொட்டை அளவு, ஒரு பக்கம் வாள்ப்பல்.

வந்த வேகம் பலகையோடு தீர்ந்து
பஞ்சுக்குள் விழுந்திருக்கும்.
பிறகு காந்தம் கூப்பிட்டிருக்கும்.
தவிலின் ஒவ்வொரு தொப்பி அடிக்கும்
பல்லைக் கடகடத்தபடி
எத்தனை கலியாணம், எத்தனை செய்தி அறிக்கை
கேட்டுக்கொண்டு இருந்ததோ.

திருப்புளியால் நெம்பினேன்.
திருப்புளியையும் பிடித்துக்கொண்டது காந்தம்.

பழைய கபாசிற்றரை மீற்றரில் வைத்தேன்.
நாலு தசம் ஏழு என்று எழுதியிருந்தது,
ஏழுக்கு மேல் காட்டியது:
வயது போனால் சிலருக்கு வரும் உப்பல்.
ஜெறாட் கொழும்பிலிருந்து பஸ்சில் போட்டுவிட்ட புதியதை
ஈயம் உருக்கிப் பிடித்தேன்.
நுரை வளையத்துக்குப் பசை பூசி
இரண்டு பெருவிரலால் கூம்பை அமுக்கி
உரசுகிறதா என்று காதை வைத்தேன்.
உரசவில்லை.

தேக்குத் தூளும் பசையும் குழைக்கும்போது
நிமலராசன் எழும்பி வந்தார்.
"ஓட்டை இருக்கட்டுமன்."
"காத்துப் போகுது. பேஸ் வராது."
"ஒரு அடையாளம்தானே."
"உங்களுக்கு வேணுமெண்டால்
வேற பலகையில துளைச்சுத் தாறன்."
அன்றைய இரவு அவர் தனியாகச் சாப்பிட்டார்.

காய்ந்தபின் போட்டேன்.
நாதசுரம் தொடங்குமுன்
யாரோ தொண்டையைச் செருமுகிறார்.
யாரோ ஒரு கதிரையை இழுக்கிறார்.
இத்தனை காலம் தட்டில் இருந்தும்
இவர்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

பிறகுதான் வலப்பக்கம் உறைத்தது.
ஒரு கீறல் இல்லாத பெட்டி,
சாக்குக்குள் இருந்து கதைப்பதுபோல.
திறந்தால் எலிக்கூடு, ஒரு பரீட்சை அட்டவணையின் துண்டுகள்.
மேலே உள்ள சின்ன ஸ்பீக்கரின் சுருள் அறுந்து
எந்தக் காலமோ.
அது பாடாததை ஒருவரும் கவனிக்கவில்லை.
எல்லாரும் இடப்பக்கத்து அதிர்வைத்தான்
பேசிக்கொண்டிருந்தார்கள்.

சோடி தேட இன்னும் இருபத்தாறு நாள்.

இரும்புத் துண்டு என் தையல்பெட்டியில்.
எறிய எண்ணித்தான் அங்கே வைத்தேன்.
காந்தத்தோடு இருந்து இருந்து
அதற்கும் கொஞ்சம் குணம் ஏறியிருக்கிறது:
குண்டூசிகள் போய் ஒட்டுகின்றன.
தேடுகிற வேலை குறைவு.

இப்போது மதிலுக்கு அங்கால் பெடியனுக்குச் சோதினை.
"சத்தத்தைக் குறையுங்கோ" என்று தாய் கேட்டுவிட்டுப் போனா.
குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்,
கிணற்றுக் கப்பியின் கிறீச்சுக்கும் கீழே.
தவில் ஒரு விரல் ஒரு விரலாய் வருகிறது.
அந்த இடத்தில் அந்தக் கதிரை இழுபட,
ஒவ்வொரு முறையும்
நிமலராசன் விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.