கடித்த இலை

மேமியோவில் பங்குனிக் குளிர்.
மலையில் ஒரு பூவும் இன்னும் அவிழவில்லை.
கறுப்புப் பைகளில் என் தக்காளி நாற்று,
இலையெல்லாம் அரைநிலாப் பொத்தல்.
புழு என்று நினைத்து
கோ தெய்ன் ஔங் கடையில்
ஒரு புட்டி மருந்து, கடனுக்கு.

தெளிப்பானைத் தோளில் மாட்டும்போது வந்தாள்
கம்பளி போர்த்த தேனீ.
காலில் பொட்டு மஞ்சள் இல்லை.
இலையைக் கடித்தாள்.
தின்னவில்லை,
கூட்டுக்கும் கொண்டுபோகவில்லை.
அடுத்த பை, அதற்கடுத்த பை,
வட்டிக்காரி வீடுவீடாய்க்
கதவு தட்டுகிற மாதிரி.

தெளிப்பானை இறக்கினேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.

பத்தொன்பதாம் நாள்
கடிபட்ட வரிசையில் மட்டும் மொட்டு.
பக்கத்து வரிசை
பொத்தலில்லாத இலையோடு
தூங்கிக்கொண்டிருந்தது.

கோ தெய்ன் ஔங் காசுக்கு வந்தான்.
மூடி திறக்காத புட்டியை நீட்டினேன்.
‘புழு இல்லையா?’
‘இல்லை. பசி.’