உதிரி

வாடிப்பட்டிக்கு மேற்கே, கால்வாய்ப் பாலம் தாண்டி
ஒரு தகரக் கூண்டு.
அதற்குள் நானும் ஒரு மின்விசிறியும்
சிவப்பில் எரியும் எண்களும்.
அரவை தொடங்கிவிட்டால் ராப்பகல் கிடையாது.
கரும்பு லாரி மேடையில் ஏறும், எண் நடுங்கி நிற்கும்,
நான் பொத்தானை அமுக்குவேன்.
இதுதான் என் வேலை.
இன்னொரு வேலையும் உண்டு.

ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு சீட்டு.
ஒன்று ஆலைக்குப் போகும்.
மற்றது பிச்சாண்டி மேஸ்திரியின் சட்டைப் பைக்கு.
பதினெட்டு டன் அதில் பதினைந்தாய் இளைத்திருக்கும்.
சோகைக் கழிவு, மண் கழிவு, ஈரக் கழிவு என்பார்.
எந்த ஈரம் என்று கேட்கத் தோன்றும்.
சீட்டுக்கு ஐம்பது ரூபாய்.
கேட்டதில்லை.

வெட்டுகிறவர்கள் சங்கராபுரம் பக்கத்து ஆட்கள்,
பதினோரு சோடி,
கால்வாய்க் கரையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே.
நாங்கள் 'எம்புட்டு' என்பதை அவர்கள் 'எம்மாம்' என்பார்கள்.
டீக்கடைக்காரர் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்,
சிரித்துக்கொண்டே
எங்களுக்குக் கண்ணாடி கிளாசிலும்
அவர்களுக்குக் காகிதக் கப்பிலும் ஊற்றுவார்.

சோடிக்கு முப்பதாயிரம் முன்பணம்.
ஆடியில் வாங்கியது, ஆடியிலேயே கரைந்தது.
அரிசி மேஸ்திரி தந்தது, அரிவாளும் அவர் தந்தது,
கொளஞ்சியின் கெண்டைக்காலில் அந்த அரிவாள் இறங்கியபோது
போட்ட ஒன்பது தையலும் அவர் கணக்கில்.
வெட்ட வெட்டக் கரும்பு குறைந்தது.
கடன் மட்டும் மறுதாம்பு மாதிரி
அடிக்கட்டையிலிருந்து தழைத்தது.

கொளஞ்சியின் பெண்டாட்டி அஞ்சலாட்சி
ஒரு ராத்திரி லாரிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள்,
இடுப்பில் பிள்ளை.
முன்னங்கை நெடுகக் கரிக்கோடுகள்,
கட்டுக்கு ஒன்று.
"எம்மாம் டன்னு காட்டுது சார்?"
நான் எண்ணை உடம்பால் மறைத்தேன்.
"மேஸ்திரிகிட்ட கேளும்மா."
லாரி இறங்கிப் போனதும்
மேடையில் ஏறி நடுவில் நின்றாள்.
"அப்ப எங்களப் போடுங்க."

எண் கொஞ்சம் யோசித்தது.
நாற்பது.
பிள்ளையைக் கீழே மண்ணில் இறக்கிவிட்டு, "இப்ப?"
நாற்பது.
மறுபடி தூக்கினாள்.
நாற்பதுதான்.
"அப்ப புள்ள ஒண்ணுமே இல்லியா?"

பத்துப் பத்தாய்த்தான் எண்ணும் இந்த மேடை,
உதிரி அதற்குத் தெரியாது என்றேன்.
அவள் சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை.
"சீட்டு குடுங்க."
அமுக்கினேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்ல வராது.
வண்டி எண்: காலி.
சரக்கு: கரும்பு. அது தானாகவே விழும்.
எடை: 40 கிலோ.
நான்காய் மடித்து மாராப்பில் செருகிக்கொண்டாள்.

மாசியில் கோட்டாட்சியர் ஜீப் வந்தது.
யார் சொன்னார்களோ, நானில்லை.
கரையில் வரிசையாய் உட்காரவைத்துக் கேட்டார்கள்.
ஆதார், மேஸ்திரியின் பெட்டியில்.
ரேஷன் அட்டை, ஊரில் அடகில்.
வாங்கியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு,
யாருக்கும் தெரியவில்லை.
"ஒரு காகிதம்கூடவா இல்ல உங்ககிட்ட?"
அஞ்சலாட்சி எழுந்து சீட்டை நீட்டினாள்.
வேர்வையில் ஓரம் நைந்திருந்தது.
அதிகாரி இரண்டு முறை படித்தார்,
திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமை.
"இது யாரு குடுத்தது?"

நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
என் பெயர் அவளுக்குத் தெரியாது.
விரலை நீட்டினால் போதும், நீட்டவில்லை.
நான் சிறுமலையைப் பார்த்தேன்,
அங்கே ஏதோ புகைவது மாதிரி
கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தேன்.

பிறகு ஒரு லாரி ஆரன் அடித்தது.
கூண்டுக்குத் திரும்பினேன்.
இழுப்பறையில் மெய்ச்சீட்டுகளின் நகல்கள்,
மாதவாரியாக, ரப்பர் பேண்டு போட்டு
அப்படியே இருந்தன.
இருக்கின்றன.